ஆட்டு மூளை முதல் ஜல்லித் தூசு வரை: உடல் தன்னையே தாக்கும் விதம்

(செந்துறையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



தன்னெதிர்ப்பு நோய்களைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், ஏற்பாட்டாளர்களில் ஒருவர், “அதெல்லாம் டவுன் வியாதி ஆச்சுங்களே ஐயா, நம்ம பக்கம் யாருக்கு வருது?” என்று கேட்டார். அவருக்கான பதிலிலிருந்தே தொடங்குகிறேன். நம்மூரில் சரவாங்கி என்றும் முடக்குவாதம் என்றும் சொல்கிறோமே, அது தன்னெதிர்ப்பு நோய். ஹரியாணாவின் பல்லப்கர் பக்கத்துக் கிராமங்களில் மருத்துவர் மாளவியாவும் அவருடைய குழுவினரும் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்து 1993-இல் வெளியிட்டார்கள். பெரியவர்களில் 0.75 சதவீதம் பேருக்கு இந்த மூட்டு நோய் இருந்தது. அந்தக் கணக்கை இங்கே போட்டுப் பார்த்தால், 2,000 பெரியவர்கள் உள்ள ஒரு ஊராட்சியில் 15 பேர் வருவார்கள். இது ஒரு நோய் மட்டும். தைராய்டில் ஒரு வகை, சிறுபிள்ளைகளுக்கு வரும் சர்க்கரை நோய், வெண்புள்ளி, சொரியாசிஸ், லூபஸ் என்று 80-க்கும் மேற்பட்ட நோய்கள் இந்தப் பட்டியலில் இருக்கின்றன. கிருமியை அடிக்க வேண்டிய படை சொந்த உடம்பையே அடிக்கிறது என்பதுதான் இவை எல்லாவற்றுக்கும் பொது.

ஏன் அடிக்கிறது? இதைச் சொல்ல நான் அமெரிக்காவுக்கோ ஜப்பானுக்கோ முதலில் போக வேண்டியதில்லை. குன்னூருக்குப் போனால் போதும்.

இந்த அவையில் 45 வயதைத் தாண்டியவர்களுக்கு நாய்க்கடி என்றவுடன் நினைவுக்கு வருவது தொப்புளைச் சுற்றி 14 ஊசி. காலையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் பிள்ளையை மேசைமேல் படுக்க வைத்துச் சட்டையைத் தூக்குவார்கள். முந்தின நாள் போட்ட இடம் கொழுக்கட்டை அளவுக்கு வீங்கிக் கன்றிப் போயிருக்கும். அதைத் தொடாமல் புது இடம் தேடிக் குத்த வேண்டும். பத்தாம் நாளுக்கு மேல் வயிற்றில் இடமே இருக்காது. கொதிக்க வைத்து எடுத்த கண்ணாடி சிரிஞ்சில் கலங்கலாக ஒரு திரவம் ஏறும். அது என்ன திரவம் என்று அன்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. செம்மறியாட்டின் மூளை அது.

1911-இல் இமாசலத்தின் கசௌலியில் டேவிட் செம்பிள் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் உருவாக்கிய முறை. வெறிநோய்க் கிருமியை ஆட்டின் மூளையில் வளர்த்து, மூளையை அரைத்துக் கரைத்து, பீனால் சேர்த்துக் கிருமியைச் சாகடித்து ஊசியாக்குவது. ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வரின் நன்கொடையில் 1907-இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிறுவனமும் பல பத்தாண்டுகள் இந்த வழியில்தான் தென்னாட்டுக்கு மருந்து செய்து அனுப்பியது. அதனால் பிழைத்தவர்கள் ஏராளம். வெறிநோய் முற்றி வெளிப்பட்டுவிட்டால் அநேகமாக மரணம்தான் என்பதால், இந்த ஊசியை ஏளனம் செய்ய எனக்கு வாய் வராது.

ஆனால் ஒரு சிலருக்கு, ஊசி போட ஆரம்பித்த ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல் அடித்தது. தலைவலி வந்தது. கால் மரத்தது, சிறுநீர் பிரியவில்லை, பிறகு இரண்டு காலும் விழுந்துவிட்டன. சில நூறு பேரில் ஒருவருக்கு என்று சில இடங்களிலும், சில ஆயிரம் பேரில் ஒருவருக்கு என்று சில இடங்களிலும் கணக்குச் சொன்னார்கள். நாயின் விஷம் ஏறிவிட்டது என்று வீட்டார் நினைத்திருந்தால் அதில் வியப்பில்லை. அவர்களுடைய உடம்பில் வெறிநோய்க் கிருமி இல்லை. நடந்தது வேறு. நம் நரம்புகளின் மேல் மின்கம்பிக்கு உறை போட்டாற்போல மயலின் என்ற கொழுப்பும் புரதமும் கலந்த உறை இருக்கிறது. ஆட்டுக்கும் அதே மயலின், ஏறக்குறைய அதே புரதம். ஆட்டு மயலினை அந்நியன் என்று கண்டு கிளம்பிய எதிர்ப்புப் படை, அதே சாயலில் இருந்த சொந்த மயலினையும் உரித்துவிட்டது. 1987-இல் தாய்லாந்தின் ஹேமசுதாவும் குழுவினரும், இப்படிக் கால் விழுந்தவர்களின் இரத்தத்தில் மயலின் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள்களைக் காட்டினார்கள்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன், யாரும் பாதியைக் கேட்டுவிட்டுப் போய்விடக் கூடாது. இந்தியாவில் அந்த மூளை ஊசியை 2004-ஆம் ஆண்டின் இறுதியோடு நிறுத்திவிட்டார்கள். இப்போது போடுவது செல் வளர்ப்பில் செய்த மருந்து. அதில் மூளை கிடையாது, வயிற்றிலும் குத்துவது கிடையாது. நாய் கடித்தால் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றைக்கே போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

அந்தக் கால் விழுந்த மனிதர்களைப் பார்த்துத்தான் ஆராய்ச்சியே பிறந்தது. நியூயார்க்கில் ராக்பெல்லர் நிறுவனத்தின் தாமஸ் ரிவர்ஸ், குற்றவாளி கிருமியா மூளையா என்று பார்க்க, கிருமியே இல்லாத முயல் மூளையைக் குரங்குகளுக்கு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஏற்றினார். 1933-இல் வெளியிட்டார். சில குரங்குகளுக்குக் கை கால் விளங்காமல் போயிற்று. ஆனால் அதற்கு ஐம்பது, அறுபது ஊசிகள் என்று தேவைப்பட்டன. 1947-இல் எல்வின் கபாட் அதே மூளைக் கரைசலோடு, செத்த காசநோய்க் கிருமியை எண்ணெயில் கலந்து சேர்த்தார். ஒன்று முதல் மூன்று ஊசிக்குள் குரங்கு விழுந்துவிட்டது.

என் உரையின் மையம் இந்தக் கபாட் சோதனைதான். சாயல் ஒத்த பொருள் மட்டும் உள்ளே போனால் உடம்பு பெரும்பாலும் பொறுத்துக்கொள்கிறது. அதோடு சேர்ந்து ஒரு அபாய மணி அடித்தால் பொறுப்பதில்லை. காசநோய்க் கிருமியின் உடல் அந்த மணியை அடித்தது. நம் வாழ்க்கையில் அதை அடிப்பவை எவை என்று தேடுவதுதான் இந்த நோய்களின் காரணத்தைத் தேடுவது.

அதற்கு முன், தாக்குகிற ஆள் உடம்புக்குள் எங்கிருந்து வந்தான் என்று கேட்க வேண்டும். நூறு ஆண்டுக்கு முன் பால் எர்லிக் என்ற ஜெர்மன் மேதை, உடம்பு தன்னைத் தானே அழிக்கத் துணியாது, இயற்கை அதை அனுமதிக்காது என்று கருதினார். அவர் சொன்னால் யார் மறுப்பது? அரை நூற்றாண்டு அந்தக் கருத்தே கோலோச்சியது. 1912-இலேயே ஜப்பானில் ஹகாரு ஹஷிமோட்டோ, கழுத்துத் தைராய்டில் வெள்ளணுக்கள் கூட்டமாகக் குவிந்திருப்பதைப் பார்த்து எழுதியிருந்தார். அது தன்னெதிர்ப்பு என்று ஒப்புக்கொள்ள 1956 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இன்று தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் போடுகிறவர்களில் பெரும்பங்கினர் அந்த ஹஷிமோட்டோவின் வாரிசுகள்தாம்.

இப்போது தெரிந்திருப்பது இது. நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி. டி செல் என்னும் எதிர்ப்பு அணுக்கள் அங்கேதான் தேறி வருகின்றன. சொந்த உடம்பைப் பார்த்துச் சீறுகிற அணுவை அங்கேயே கொன்றுவிடுவார்கள். முறத்தில் அரிசி புடைப்பதைப் போலத்தான். எவ்வளவு கைதேர்ந்தவர் புடைத்தாலும் ஓரிரு கல் உலைக்குப் போய்விடும். ஆகவே, தன்னைத் தாக்கக் கூடிய அணுக்கள் உங்களிடமும் இருக்கின்றன, என்னிடமும் இருக்கின்றன. அவற்றை அடக்கி வைக்க வேறொரு வகை டி செல் ஊரெல்லாம் சுற்றிக் காவல் பார்க்கிறது. 1995-இல் ஜப்பானின் ஷிமோன் சககுச்சி இந்தக் காவல் அணுவை அடையாளம் காட்டினார். அதற்கு உயிர்நாடியான மரபணுவை 2001-இல் மேரி பிரங்கோவும் பிரெட் ராம்ஸ்டெலும் கண்டார்கள். 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு மூவருக்கும் சேர்த்துத்தான்.

இங்கே ஒரு சிறு புலம்பல். கொரோனாவுக்குப் பிறகு எந்தக் கடைக்குப் போனாலும் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் பொடி, கூட்டும் கஷாயம், கூட்டும் பிஸ்கட். முடக்குவாதக்காரருக்கு எதிர்ப்பு சக்தி குறைவு என்று சொல்லி இவற்றை விற்கிறார்கள். அவருக்கு இருக்கும் தொல்லையே அந்தச் சக்தி தலைகால் தெரியாமல் ஆடுவதுதான்.

பரம்பரைக்கு வருவோம். பெண் பார்க்கப் போகிற இடத்தில் மறைக்கிற நோய்களில் இவை முன்வரிசை. மாமியாருக்கு விரல் கோணியிருக்கிறது, நாத்தனாருக்கு வெண்புள்ளி இருக்கிறது என்றால் சம்பந்தமே முறிந்துபோகிறது. ஒரே கருவில் பிறந்த இரட்டையரை எடுத்துக்கொள்ளுங்கள். மரபணு அச்சு அசலாக ஒன்று. அவர்களில் ஒருவருக்கு முடக்குவாதம் வந்தால் மற்றவருக்கும் வருவது நூற்றுக்குச் சுமார் 15 ஜோடிகளில்தான். மீதி 85 ஜோடிகளில் மற்றவர் நன்றாக இருக்கிறார். எச்.எல்.ஏ. என்னும் மரபணுத் தொகுப்பு எவருக்கு எந்த நோய் சாயும் என்பதில் பெரும்பங்கு வகிக்கிறது, உண்மை. நாத்தனாரின் தோலைப் பார்த்து ஒரு கல்யாணத்தை நிறுத்தும் அளவுக்கு அது பெரிதல்ல.

பெண்ணாய்ப் பிறப்பதும் ஒரு பெரிய காரணம். இந்த நோயாளிகள் ஐவரில் நால்வர் பெண்கள். லூபஸில் பத்துக்கு ஒன்பது. ஹார்மோன் ஒரு காரணம், பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம் இருப்பது இன்னொன்று. இரண்டில் ஒன்றை அணைத்து வைக்கும் வேலையைச் செய்கிற மூலக்கூறும் அதோடு ஒட்டிக்கொள்ளும் புரதங்களுமே சில சமயம் எதிர்ப்புப் படையின் கண்ணில் படுகின்றன என்று 2024-இல் ஸ்டான்போர்ட் ஆய்வாளர்கள் காட்டினார்கள். கைகால் வலி என்று மருமகள் சொன்னால் சோம்பேறித்தனம் என்று சொல்லும் வீடுகளில் இந்த எண்களை எழுதி ஒட்டி வைக்கலாம். காலையில் எழுந்ததும் விரல்கள் ஒரு மணி நேரம் மடங்காமல் இருந்தால், சட்டைப் பொத்தான் போட முடியாமல் இருந்தால், அது வேலைக் களைப்பு அல்ல.

நோய் ஒருநாளில் வந்துவிடுவதில்லை. அமெரிக்க இராணுவம் தன் ஆட்களின் இரத்தத்தை அவ்வப்போது எடுத்துச் சேமித்து வைக்கும் வழக்கம் உடையது. லூபஸ் வந்த 130 பேரின் பழைய இரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். 115 பேருக்கு, நோய் என்று சொல்வதற்கு முன்பே தன்னைத் தாக்கும் எதிர்ப்பொருள் இருந்தது. ஒருவருக்கு ஒன்பது ஆண்டுக்கும் மேலாக இருந்திருக்கிறது. 2003-இல் வெளியான ஆய்வு. வலியே இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கும் அந்த ஆண்டுகளில்தான் நோய் தயாராகிறது. அபாய மணியை அடிக்கிற கைகளும் அந்த ஆண்டுகளில்தான் வேலை செய்கின்றன.

முதல் கை, பீடியும் சிகரெட்டும். புகை நுரையீரலில் படும்போது அங்குள்ள புரதங்களின் உருவம் கொஞ்சம் மாறுகிறது. அர்ஜினைன் என்ற அமினோ அமிலம் சிட்ருலினாக மாறிவிடும். சொந்தப் புரதம்தான், முகம் மட்டும் மாறிவிட்டது. படை அதை அந்நியன் என்று குறித்துக்கொள்கிறது. பிறகு மூட்டுக்குள் அதே முகத்தைக் காணும்போது அங்கே தாக்குகிறது. நுரையீரலில் போட்ட வழக்கு மூட்டில் தீர்ப்பாகிறது. சுவீடனின் கிளாரஸ்கோக் 2006-இல் காட்டிய கணக்கு: குறிப்பிட்ட எச்.எல்.ஏ. வகையை அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பெற்றுப் புகைக்கவும் செய்கிறவர்களுக்கு, இரண்டும் இல்லாதவர்களைவிட இந்த வகை முடக்குவாதம் 21 மடங்கு. அதே நாட்டில் வாயில் அடக்கும் புகையிலையை ஆராய்ந்தபோது மூட்டு நோய் கூடவில்லை. நிகோட்டினைவிடப் புகைதான் இதில் குற்றவாளி என்று தோன்றுகிறது. இதைக் கேட்டுப் பின்வரிசையில் ஓர் ஐயா சிரிக்கிறார். வாய்ப்புற்றுக்கு அந்தச் சலுகை கிடையாது ஐயா. ஈறு வீங்கி இரத்தம் வடிகிற வாயில் வாழும் ஒரு கிருமி, புகை செய்கிற அதே உருமாற்றத்தைத் தானே செய்யக் கூடியது என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கை, கல் தூசு. இதை நம் அரியலூர் மாவட்டத்தில் பேசாமல் வேறெங்கே பேசுவது? ஆனால் எல்லாத் தூசையும் ஒரே மூட்டையில் கட்டக் கூடாது. தளவாய், ரெட்டிப்பாளையம், கோவிந்தபுரம் என்று சிமென்ட் ஆலைகளுக்காக நாம் தோண்டுகிற சுண்ணாம்புக்கல் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அதன் தூசுக்கு வேறு தொல்லைகள் உண்டு. தன்னெதிர்ப்பு நோய்க் கணக்கில் வருவது குவார்ட்ஸ் கலந்த கல், அதாவது சிலிக்கா. பெரம்பலூர்ப் பக்கத்து ஜல்லி கிரஷர், கருங்கல் குவாரி, அம்மி கொத்துவது, கிரானைட் அறுப்பது, டைல்ஸ் வெட்டுவது, ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியில் நிற்பது, எல்லாம் இதில் சேரும்.

எடின்பரோவின் பைரம் பிராம்வெல் 1914-லேயே, தோல் கல்லாய் இறுகும் ஸ்க்ளீரோடெர்மா நோய் கல் தச்சர்களிடம் காணப்படுவதைக் குறித்தார். 1953-இல் வேல்ஸ் நாட்டு நிலக்கரித் தொழிலாளிகளில் மூட்டு நோயும் நுரையீரல் கட்டியும் சேர்ந்து வருவதை அந்தோணி கேப்லன் எழுதினார். 1957-இல் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களிலிருந்து எராஸ்மஸ் மறுபடி ஸ்க்ளீரோடெர்மாவைச் சொன்னார். சிலிக்கா செய்கிற வேலை எளிது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகளைத் துப்புரவு அணு ஒன்று விழுங்குகிறது. கரைக்க முடியவில்லை. அணு செத்து, உள்ளே இருந்ததை எல்லாம் கொட்டுகிறது. துகள் அப்படியே கிடக்கிறது. அடுத்த அணு வந்து விழுங்குகிறது, அதுவும் சாகிறது. வேலையை விட்டு இருபது ஆண்டு ஆனாலும் நுரையீரலில் மணி அடித்துக்கொண்டே இருக்கும். கபாட்டின் எண்ணெய்க் கரைசல் ஒரு குரங்குக்குச் செய்ததை இந்தத் தூசு ஓர் ஆளுக்கு ஆயுள் முழுக்கச் செய்கிறது.

கிரஷரில் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அந்த அளவுத் துகளுக்குத் துண்டு ஒரு தடையே அல்ல. தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே உடைப்பதும் அறுப்பதும்தான் வழி. அது முதலாளி செலவு செய்ய வேண்டிய காரியம், தொழிலாளியின் கவனக்குறைவு அல்ல. கல் வேலை பார்த்தவர் மூட்டு வலி என்று வந்தாலோ, குளிர்ந்த நீரில் கை வைத்தால் விரல் வெளுத்து நீலம் பாய்கிறது என்று வந்தாலோ, என்ன வேலை பார்த்தீர்கள் என்று மருத்துவர் கேட்க வேண்டும். மருத்துவம் படிக்க ஆசைப்பட்டு அது நிறைவேறாமல் மறைந்த குழுமூர் மாணவி அனிதாவின் பெயரில் அரங்கம் உள்ள அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியில் இன்று படிக்கிற பிள்ளைகள் நோய் வரலாற்றில் அந்தக் கேள்வியை முதலில் எழுதப் பழக வேண்டும் என்பது என் ஆசை.

மூன்றாவது கையாக, ஸ்டிக்கர் பொட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பொட்டு வைக்கும் இடத்தில் வெள்ளையாகப் போவதை அலகாபாத்தின் தோல் மருத்துவர் பஜாஜும் குழுவினரும் 1980-களிலிருந்து எழுதி வந்தார்கள். 1990-இல், சில பொட்டுகளின் பசையில் இருந்த பாரா டெர்ஷியரி பியூட்டைல் பீனால் என்ற வேதிப்பொருளைக் காட்டினார்கள். அது தோலுக்கு நிறம் தரும் அணுவை நோகடிக்கிறது. பலருக்கு அந்த இடத்தோடு நிற்கும். சிலருக்கு, நொந்த அணுவின் ஓலத்தைக் கேட்டு வந்த படை, பொட்டே படாத இடங்களிலும் நிற அணுக்களைத் தேடி அடிக்கிறது. அரித்தாலோ நிறம் மங்கினாலோ பொட்டை மாற்றுங்கள்.

வேறு கைகளும் உண்டு. எப்ஸ்டீன் பார் என்னும் வைரஸ் வந்து போனவர்களுக்கு, நரம்பு உறை உரியும் மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் 32 மடங்கு கூடுகிறது என்று 2022-இல் கண்டார்கள். ஆனால் அந்த வைரஸ் உலகில் அநேகமாக எல்லோருக்கும் வந்து போகிறது, நோய் வெகு சிலருக்கே. அதே ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வில், ஐந்தாண்டு வைட்டமின் டி சாப்பிட்ட ஐம்பது வயதைக் கடந்தவர்களிடம் இந்த நோய்கள் 22 சதவீதம் குறைந்திருந்தன. வெயிலில் நாற்று நடுகிறவர்களுக்கு இதை அப்படியே பொருத்த நான் துணிய மாட்டேன்.

கடைசியாக வைத்திருப்பது, நம் நாட்டில் இந்த வகை நோய்களில் உயிரை அதிகம் வாங்கியதும் எளிதில் தடுக்கக் கூடியதும். 5 முதல் 15 வயதுப் பிள்ளைக்குத் தொண்டை வலி. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி. நாலைந்து நாளில் தானே சரியாகிவிடும். இரண்டு மூன்று வாரம் கழித்து முழங்கால் வீங்கும், பிறகு கணுக்கால், பிறகு மணிக்கட்டு. அதுவும் போய்விடும். வாதக் காய்ச்சல் என்பது இதுதான். கிருமியின் மேலுறைப் புரதமும் இதயத் தசையின் மயோசினும் சாயலில் ஒத்தவை, ஆடும் மனிதனும் மயலினில் ஒத்திருந்ததைப் போல. படை இதய வால்வைத் தின்னத் தொடங்குகிறது. ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் படுக்கிற வீட்டில் தொண்டைக் கிருமி மறுபடி மறுபடி வரும், ஒவ்வொரு முறையும் வால்வு இன்னும் கொஞ்சம் சுருங்கும். மேல்நாட்டில் நடுவயதில் காணும் வால்வுச் சுருக்கம் இந்தியாவில் 20 வயதுக்குள்ளேயே வந்துவிடுகிறது என்று 1963-இல் சுஜாய் ராய், வி. ராமலிங்கசுவாமி முதலியோர் எழுதினார்கள். வேலூர் சி.எம்.சி.யில் ஸ்டான்லி ஜானும் சகாக்களும், சுருங்கிய வால்வை விரித்த 3,724 நோயாளிகளின் கணக்கை 1983-இல் வெளியிட்டார்கள். ஒரே ஆஸ்பத்திரியில், சுமார் 25 ஆண்டில்.

வையோமிங்கின் வாரன் விமானப்படைத் தளத்தில், தொண்டை வலிக்குப் பென்சிலின் போட்டால் வாதக் காய்ச்சல் அநேகமாக வருவதில்லை என்று 1950-இல் நிரூபித்துவிட்டார்கள். ஒருமுறை வந்துவிட்ட பிள்ளைக்கு 21 நாளைக்கு ஒரு பென்சிலின் ஊசி, இதயம் பாதிக்கவில்லை என்றால் குறைந்தது ஐந்தாண்டு அல்லது 18 வயது, இரண்டில் எது நீண்டதோ அதுவரை, பாதித்திருந்தால் இன்னும் நீண்ட காலம். இடுப்பில் போடும் ஊசி, நன்றாக வலிக்கும். இரண்டு வருடத்தில் பிள்ளை ஓடியாடிக்கொண்டு இருப்பதைப் பார்த்து, இனி எதற்கு என்று வீட்டில் நிறுத்திவிடுவார்கள். அப்படி நிறுத்தியது பெண் பிள்ளைக்கு என்றால், வால்வு சுருங்கியிருப்பது பெரும்பாலும் தெரியவருவது அவள் முதல் பிரசவத்துக்கு உண்டாகியிருக்கும்போது. ஐந்தாம், ஆறாம் மாதத்தில் இரத்த அளவு கூட, சுருங்கிய வால்வு தாங்காமல், இரவில் படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்குவாள். கர்ப்பம் என்றால் அப்படித்தான் என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். அன்று இரவே அவளை அரியலூருக்கு அழைத்துப் போக வேண்டும். சின்ன வயதில் மூட்டு வீங்கிப் படுத்திருந்தாள் என்பதை, அம்மா வீட்டில் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.